குப்புறப் பிறக்கும் கல்

ஆத்தங்குடிப் பூக்கல் குப்புறத்தான் பிறக்கிறது. துடைத்து வைத்த கண்ணாடித் தகட்டின் மேல் ஓர் உலோகச் சட்டம், அதற்குள் பூ வடிவ அச்சு. மணலும் சிமென்டும் நிறப்பொடியும் சேர்ந்த கூழைத் தோசைமாவுப் பதத்தில் கலக்கி, அச்சின் ஒவ்வோர் அறையிலும் ஊற்றுகிறார்கள். இதழுக்குச் சிவப்பு, இலைக்குப் பச்சை, நடுவே மஞ்சள். அச்சை மெல்லத் தூக்கியதும் நிறங்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும். அந்த நொடியில் கை நடுங்கினால் பூ கலைந்தது. மேலே உலர்ந்த மணல் சிமென்டைத் தூவுவார்கள். அது அதிக ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பிறகு கலவையைக் கொட்டி, கரண்டியால் அழுத்தி மட்டம் செய்தால் முதுகும் தயார்.

சூளை கிடையாது. வெயிலில் காய்ந்த கல் தண்ணீர்த் தொட்டியில் சில நாள் கிடந்து இறுகும். கண்ணாடி கழன்று வரும்போது அதன் வழவழப்பு கல்லின் முகத்தில் தங்கிவிடும். தனியே மெருகுபோட எந்திரம் வேண்டாம்.

காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த ஊரின் கல்லுக்கு மூதாதை சீமையில் இருக்கிறது. வண்ணச் சிமென்டில் தரைக்கல் செய்யும் முறை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரான்ஸில் தோன்றியது. அங்கே அச்சில் நிரப்பிய கலவையை எந்திரத்தில் வைத்து நெருக்கினார்கள். பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் லேவாதேவி செய்த செட்டிநாட்டு நகரத்தார், ஊரில் வீடு கட்டுகையில் பர்மாத் தேக்கையும் இத்தாலியப் பளிங்கையும் ஜப்பான் பூ ஓட்டையும் கப்பலில் இறக்கினார்கள். அந்த வீடுகளுக்கு உள்ளூரிலேயே தரைக்கல் செய்யப் புகுந்த கைகள், அழுத்த எந்திரம் இல்லாமலே கண்ணாடியையும் இப்பக்கத்து மணலையும் கொண்டு காரியத்தை முடித்துக்கொண்டன. மரபு என்று இன்று நாம் கொண்டாடுவது அன்றைய புத்தம்புதுச் சரக்கு.

அதன் நல்ல காலம் வீட்டுக்காரர்களின் வியாபாரத்தோடு கட்டுண்டிருந்தது. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்ததும் நகரத்தாரின் கொடுக்கல் வாங்கல் குலைந்தது. பெரிய வீடுகள் எழுவதும் நின்றது. பின்னால் மொசைக் வந்தது, கிரானைட் வந்தது, விட்ரிஃபைட் வந்தது. பழைய வீடுகளை இடித்தவர்கள் தூணையும் நிலையையும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் விற்றார்கள்.

செட்டிநாட்டு வீடுகள் சில விடுதிகளாக மாறியதும், அங்கே தங்க வந்தவர்கள் காலடியில் கிடந்ததைக் கவனித்தார்கள். கட்டடக் கலைஞர்கள் தேடி வந்தார்கள். 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. இன்று கல் லாரி ஏறிச் சென்னை, பெங்களூரு காபிக்கடைகளுக்குப் போகிறது. கணினியில் வரைந்த கோலம் வாட்ஸ்அப்பில் பட்டறைக்கு வருகிறது. அதற்கேற்ப அச்சு செய்கிறார்கள். சிவப்பும் பச்சையும் இருந்த இடத்தில் சாம்பலும் கறுப்பும் கேட்கிறார்கள்.

இதில் வருந்த ஒன்றுமில்லை. வடிவம் மாறலாம், நிறம் மாறலாம், வாங்குபவர் மாறலாம். இந்தக் கல் தொடக்கத்திலிருந்தே ஊர் ஊராகக் கடன் வாங்கி வளர்ந்ததுதான். கண்ணாடியும் கையும் தண்ணீரில் கிடக்கும் நாளும் மட்டும் மாறக் கூடாது. ஆத்தங்குடிப் பூவை மேலே அச்சடித்த ஆலை ஓடுகளில் இம்மூன்றும் இல்லை. பார்க்க அழகுதான், ஆனால் அச்சிட்ட பூ மேல்தோலோடு சரி. இங்கே நிறம் கல்லுக்குள் இறங்கியிருக்கிறது, தேயத் தேய மெருகேறுகிறது.

வீட்டுக்கு இந்தக் கல்லைப் போட நினைத்தால் மூன்றை மனத்தில் வையுங்கள். முன்கூட்டியே சொல்லிவையுங்கள், தொட்டியில் கிடக்கும் கல்லை அவசரப்படுத்த முடியாது. ஒரு கல்லின் பூ இன்னொன்றைப்போல அச்சு அசலாக இல்லையே என்று பட்டறைக்காரரிடம் சண்டை போடாதீர்கள். தரையில் ஆசிட் ஊற்றாதீர்கள். அது சிமென்டைத் தின்றுவிடும். தண்ணீரும் துணியும் போதும்.