அச்சுப்பொறியின் மௌனம்

சென்ற பருவத் தேர்வின்போது எங்கள் துறையின் அச்சுப்பொறி ஊமையாகிவிட்டது. மின்சாரம் போய்வந்தது முதல், கணினி எதை அனுப்பினாலும் 'இணைப்பில் இல்லை' என்ற ஒரே பதில். கம்பியைப் பிடுங்கிச் செருகினோம், அணைத்துப் போட்டோம். பயனில்லை. கடைசியில் அச்சுப்பொறியின் பொத்தானை அழுத்தி, அதன் அமைப்பு விவரங்களைத் தாளில் எடுத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. ரூட்டர் அதற்கு வேறொரு ஐ.பி. முகவரியை வழங்கியிருந்தது. கணினியோ, வீடு மாறிப் போனவரின் பழைய விலாசத்துக்கே கடிதம் எழுதிக்கொண்டிருந்தது. புதிய எண்ணைக் கொடுத்து, அது இனி மாறாதபடி ரூட்டரில் ஒதுக்கி வைத்தோம். மதிப்பெண் பட்டியல் வெளிவந்தது.

எங்களுக்கு வாய்த்தது காரணம் தெரியவந்த பழுது. காரணத்தைத் தேடவே இடம்தராத ஓர் அச்சுப்பொறியும் கணினி வரலாற்றில் உண்டு.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், செயற்கை அறிவு ஆய்வகத்தினர் 1970களில் ஓர் அச்சுப்பொறியைப் பகிர்ந்துகொண்டிருந்தனர். அதில் தாள் அடிக்கடி சிக்கும். அங்கே நிரலாளராயிருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன், மூலநிரல் கைவசமிருந்ததால், சிறு மாற்றமொன்று செய்தார். தாள் சிக்கினால், அச்சுக்குக் காத்திருப்போர் அனைவரின் திரையிலும் செய்தி தோன்றும். யாரேனும் ஒருவர் எழுந்துபோய்ச் சரிசெய்வார். பொறியின் குறையை மனிதரின் கவனத்தால் ஈடுகட்டிய இந்த உபாயத்தின்மீது எனக்குத் தனி மயக்கமே உண்டு.

1980 வாக்கில் ஸெராக்ஸ் நிறுவனம் அதிவேக லேசர் அச்சுப்பொறியொன்றை ஆய்வகத்துக்கு வழங்கியது. தாள் அதிலும் சிக்கியது. ஆனால் மூலநிரல் தரப்படவில்லை. ஸ்டால்மனின் பழைய உபாயம் அதில் செல்லவில்லை. அந்நிரல் கார்னெகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவரிடம் இருப்பதறிந்து, நேரில் சென்று கேட்டார். பிறருக்குத் தருவதில்லை என்று வாக்களித்திருப்பதாகக் கூறி அவர் மறுத்தார். ஸ்டால்மன் ஒரு வார்த்தையும் பேசாமல் வெளியேறினாராம்.

1983 செப்டம்பர் 27 அன்று அவர் குனு திட்டத்தை அறிவித்தார். 1984 ஜனவரியில் வேலையை விட்டார். 1989இல் குனு பொது உரிமம் வந்தது. எல்லாவற்றுக்கும் அந்த அச்சுப்பொறியே காரணம் என்பது மிகை. ஆய்வகத் தோழர்கள் வணிக நிறுவனங்களுக்குப் பிரிந்துசென்றதும் அவரை உலுக்கியது. ஆயினும், தம் உரைகளில் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது அச்சுப்பொறியின் கதையைத்தான்.

லினக்ஸ் கணினிகளில் அச்சுப்பணியைக் கவனிக்கும் கப்ஸ் என்னும் மென்பொருள் 1999இல் அதே பொது உரிமத்தின்கீழ் வெளிவந்தது. எங்கள் துறைக் கணினியிலும் ஓடுவது அதுதான். பிறகு அதன் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். மின்தடைக்குப் பின், பழைய முகவரியை அது விடாமல் தட்டியது வரிவரியாய்ப் பதிவாகியிருந்தது.