கத்திரி வெயிலும் கீத்துக் கூரையும்

வடசென்னையில தீன்னு சொன்னா உடனே எல்லாரும் எம்டன் கதைக்குப் போயிடுவாங்க. 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மன் கப்பல் வந்து குண்டு போட்டது, துறைமுகத்துல பர்மா ஆயில் கம்பெனி டாங்க் எரிஞ்சது, ஹைகோர்ட் மதில்ல கல்வெட்டு இருக்கு... எல்லாம் சரி. நான் சொல்ல வந்தது கல்வெட்டே இல்லாத தீயைப் பத்தி.

2025 ஜனவரியில லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் பத்திக்கிட்ட காட்டுத்தீயில 16 ஆயிரத்துக்கும் மேல கட்டிடங்கள் நாசம். அங்கே வில்லன் சான்டா அனா காத்து. உள்நாட்டுப் பாலைவனத்துலேர்ந்து கடலைப் பார்த்து அடிக்கிற வறண்ட காத்து அது. பொறியைத் தூக்கிட்டுப் போய் தள்ளி இருக்கிற வீட்டு மேல போடும். படிச்சதும் எனக்கு நம்ம ஏரியா ஞாபகம்தான் வந்தது. காடே இல்லாத ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூருக்கும் ஒரு காலத்துல தீ சீசன் இருந்தது மக்களே!

மே மாசத்துல நமக்கும் காத்து நிலத்துலேர்ந்து கடல் பக்கம்தான் அடிக்கும். மேற்குலேர்ந்து வர்ற அனல் காத்து. மதியம் கடல்காத்து உள்ளே வந்தா பொழைச்சோம். அது லேட்டானா வெயில் எகிறிடும். 2003 மே 31 அன்னிக்கு நுங்கம்பாக்கத்துல 45 டிகிரி பதிவாச்சு. இந்த வெயில்ல மாசக்கணக்கா காஞ்ச தென்னங்கீத்து எப்படி இருக்கும்? கிட்டத்தட்ட தீக்குச்சிதான். கீழே மண்ணெண்ணெய் ஸ்டவ், சிம்னி விளக்கு. பக்கத்துக் குடிசைக்கும் நமக்கும் நடுவுல ஒரு ஆள் நுழையற சந்து.

எங்க ஆயா சொல்லும், தீன்னு சத்தம் கேட்டா முதல்ல தண்ணி தேட மாட்டாங்களாம். எரியற குடிசையை விட்டுட்டு, அதுக்கு அடுத்ததா இருக்கிற நல்ல குடிசையோட கூரையைப் பிச்சு எறிவாங்களாம். அமெரிக்காவுல காட்டை வெட்டி இடைவெளி விடறாங்களே, அதே டெக்னிக். என்ன, இங்கே வெட்டறது பக்கத்து வீட்டுக்காரன் கூரையை! ரேஷன் கார்டு இருக்கிற தகரப் பெட்டி எப்பவும் வாசல் பக்கமே இருக்குமாம்.

எரிஞ்ச மறுநாளே அதே இடத்துல நாலு கம்பு நட்டுடணும். இல்லன்னா இடம் போயிடும். பட்டா ஏது? வீட்டை விட இடம் போறதுதான் பெரிய பயம். அதனாலதான் ஒவ்வொரு தீக்கும் அப்புறம் 'யாரோ வச்சுட்டாங்க'ங்கிற பேச்சும் சேர்ந்தே கிளம்பும்.

1967-ல வந்த அண்ணா அரசு தீப்பிடிக்காத வீடுகள் கட்டற திட்டத்தைக் கையில எடுத்தது. 1970-ல குடிசை மாற்று வாரியம் வந்தது. அதோட வேலை அடுக்குமாடி கட்டறதுன்னு மட்டும் நினைக்கிறோம். என் பார்வையில, தீ சீசனுக்கு எதிரா எடுத்த முதல் பெரிய நடவடிக்கை அதுதான். கூரைதான் எதிரின்னு அப்பவே தெரிஞ்சிருக்கு. ஆனாலும் 2004 ஜூலை 16-ல கும்பகோணத்துல 94 குழந்தைகள் கருகின பிறகுதான் பள்ளிக்கூடங்கள்ல கீத்துக் கொட்டகையைப் பிரிச்சாங்க.

இன்னிக்கு வெயில் குறையல, அனல் காத்தும் நிக்கல. ஆனா பழைய தீ சீசன் இல்ல. மாறினது கூரை மட்டும்தான். அதுக்கு ஒரு விலையும் இருக்கு. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும் தகரமும் எரியாது, ஆனா உள்ளே இருக்கிறவங்களை வேக வைக்கும். மாடி வீடு கிடைச்சவங்கள்ல பல பேருக்கு அது கிடைச்சது கண்ணகி நகர்லயும் பெரும்பாக்கத்துலயும். அங்கேர்ந்து காசிமேட்டுக்கு விடியக்காலை மீன் ஏலத்துக்கு எப்படி வர்றது, சொல்லுங்க? தீக்குப் பயந்து பிடிச்சு வச்சிருந்த இடம், கடைசியில தீ இல்லாமலே போச்சு.

எம்டன் குண்டு போட்டது அரை மணி நேரம் கூட இல்ல. அதுக்குக் கல்வெட்டு இருக்கு. வருஷா வருஷம் கத்திரியில எரிஞ்ச குப்பங்களுக்கு ஒரு செங்கல் கூட இல்ல. உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டுப் பாருங்க. எந்தத் தெரு, எந்த வருஷம்னு தெரிஞ்சா பின்னூட்டத்துல போடுங்க. நாமளாவது எழுதி வைப்போம்.