கம்பர்லாந்தின் 97 வாக்குகள்: 1867 ஆம் ஆண்டுக் கனடியத் தேர்தலும் மக்கள் சம்மதமும்

கனடிய சமஷ்டியின் முதலாவது பொதுத்தேர்தல் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் 1867 செப்டெம்பர் 18 ஆம் திகதி நடைபெற்றது. மாகாணத்துக்குரிய 19 ஆசனங்களுள் 18 ஆசனங்களைச் சமஷ்டி எதிர்ப்பாளர் கைப்பற்றினர். எஞ்சிய ஒன்று கம்பர்லாந்துத் தொகுதியாகும். அங்கு, அக்குடியேற்ற நாட்டை ஒன்றியத்துள் இட்டுச்சென்ற முதலமைச்சர் சார்ள்ஸ் டப்பர், தம்மை எதிர்த்து நின்ற வில்லியம் அனண்டை 97 வாக்குகளால் வென்றார். டப்பரின் நாவன்மையும் விடாமுயற்சியும் இவ்வெற்றியைத் தேடித்தந்தன எனக் கூறுவது நெடுநாளைய வழக்கம். அவர் ஆற்றல் மிக்கவர் என்பதில் ஐயமில்லை. 1855 இல் இதே கம்பர்லாந்தில், மாகாணத்தின் தலைசிறந்த பேச்சாளரான ஜோசப் ஹவ்வையே தோற்கடித்தவர் அவர். ஆயினும் தனிமனித ஆற்றலைக் கொண்டு மட்டும் இம்முடிவை விளக்க முற்படுவது, அத்தேர்தல் எழுப்பிய அடிப்படை வினாவை மறைத்துவிடும். ஒரு நாட்டை இன்னொரு நாட்டுடன் இணைக்கும் உரிமை யாருக்கு உண்டு என்பதே அவ்வினா.

இவ்வினா எழுந்தவாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும். 1864 இல் சார்லட்டவுணிலும் கியூபெக்கிலும் கூடிய மாநாடுகள் ஒன்றியத் திட்டத்தை வகுத்தன. அண்டை மாகாணமான நியூ பிறன்ஸ்விக்கில் 1865 இல் தேர்தல் நடத்தப்பட்டது. ஒன்றியக் கட்சி தோற்றது. மறு ஆண்டில் மீண்டும் ஒரு தேர்தல் நடைபெற, அக்கட்சி வென்றது. இதனைக் கண்ட டப்பர் நோவா ஸ்கோஷியாவில் தேர்தலைத் தவிர்த்தார். 1863 இல், ஒன்றியம் என்ற பேச்சே முன்வைக்கப்படாத காலத்தில் தெரிவான சட்டசபையே 1866 ஏப்பிரலில் 31 க்கு 19 என்ற வாக்குகளால் பேராளரை அனுப்பும் தீர்மானத்தை நிறைவேற்றியது. கியூபெக் திட்டம் சபையின் அங்கீகாரத்துக்கு விடப்படவில்லை. ஒன்றியத்தை ஒழுங்குசெய்யும் அதிகாரம் மட்டுமே பெறப்பட்டது. சட்டத்தின் கண்ணில் இதிற் குறையேதுமில்லை. குடியேற்ற நாட்டின் சட்டசபையும் ஏகாதிபத்தியப் பாராளுமன்றமும் தத்தம் அதிகாரத்துக்கு உட்பட்டே செயற்பட்டன. ஆனால் 1867 யூலை முதலாம் திகதி ஒன்றியம் நடைமுறைக்கு வந்தபோது, அதுபற்றி நோவா ஸ்கோஷியா வாக்காளரிடம் ஒருமுறையேனும் கேட்கப்படவில்லை. செப்டெம்பர்த் தேர்தல், முடிந்த காரியத்தின்மீது பின்னர் கேட்கப்பட்ட கருத்தேயாகும்.

எதிர்ப்பின் பொருளாதார அடிப்படை தெளிவானது. மரக்கலம் கட்டுவதாலும் மீன்பிடியாலும் கடல்வாணிபத்தாலும் வாழ்ந்த கரையோரச் சமூகம், மேற்கிந்தியத் தீவுகளையும் நியூ இங்கிலாந்தையும் நோக்கியிருந்ததேயன்றி, உள்நாட்டுக் கனடாவை நோக்கியிருக்கவில்லை. தமது 10 சதவீதச் சுங்கத் தீர்வை கனடாவின் 15 சதவீதமாக உயரும் என வணிகர் அஞ்சினர். ஒன்றிய அரசு மாகாணத்துக்கு ஆண்டுதோறும் வழங்கவிருந்த தலைக்கு 80 சதம் மானியமோ மேடைகளிற் கேலிப்பொருளாயிற்று. மனிதரை ஆட்டுத்தோலின் விலைக்கு விற்றுவிட்டார்கள் என்று பேசப்பட்டது. டப்பர் கொண்டுவந்த கட்டாயப் பாடசாலை வரியும் கிராமப்புறங்களில் வெறுப்பை வளர்த்திருந்தது.

அவ்வாறாயின் கம்பர்லாந்து ஏன் வேறுபட்டது? இம்மாவட்டம் இரு கடல்களுக்கு இடையில் அமைந்தது. ஒருபுறம் உலகிலேயே மிகவுயர்ந்த வற்றுப்பெருக்குடைய பண்டி விரிகுடா. மறுபுறம் நோதம்பர்லாந்து நீரிணை. பண்டிக் கரையில் மரக்கலம் கட்டும் ஊர்கள் இருந்தன. ஆனால் நோவா ஸ்கோஷியாவை நியூ பிறன்ஸ்விக்குடன் பிணைக்கும் சிக்னெக்டோ நிலத்தொடுப்பும் இம்மாவட்டத்தையே சேர்ந்தது. கியூபெக்கையும் ஹலிபக்ஸையும் இணைக்கவிருந்த புகையிரதப் பாதை மாகாணத்துள் நுழைவதற்கு இதைவிட வேறு தரைவழி இல்லை. அப்பாதையை அமைக்கும் கடப்பாடு ஒன்றியச் சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது. ஜொகின்ஸ் முதலிய இடங்களில் நிலக்கரியும் இருந்தது. ஐக்கிய அமெரிக்காவுடனான பரஸ்பர வர்த்தக ஒப்பந்தம் 1866 இல் முடிவுற்றமையால், நிலக்கரிக்கு மேற்கே புதிய சந்தை தேடும் தேவை எழுந்தது. ஆகவே கடல்வாணிப நலனும் தரைப்பாதை நலனும் ஒரே தொகுதியுள் ஏறத்தாழச் சமபலத்துடன் மோதின. இவற்றோடு டப்பர் அம்ஹேர்ஸ்ட்டிற் பிறந்தவர் என்பதையும், அங்கு வைத்தியராய்ப் பணிபுரிந்து வீடுதோறும் அறிமுகமானவர் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அனண்டோ ஹலிபக்ஸ் பத்திரிகை அதிபர். ஒன்றியத்தைத் தாக்கி ஹவ் பெயர் குறிப்பிடாது எழுதிய கடிதங்கள் வெளிவந்தது இவருடைய ‘மோர்ணிங் குரோனிக்கிள்’ ஏட்டிலேயே. புகையிரதப் பாதையும் பிறந்த மண்ணும் மட்டும் போதியனவல்ல என்பதற்கு அயல் மாவட்டமான கோல்செஸ்ரர் சான்று. அங்கு டப்பரின் சக பேராளரும் ஒன்றிய அரசின் அமைச்சருமான அடம்ஸ் ஆர்ச்சிபால்ட் தம் சொந்த மாவட்டத்திலேயே தோல்வியுற்றார்.

இவ்விடத்தில் வாக்களிப்பு முறையைப் பற்றியும் கூறுதல் அவசியம். இரகசிய வாக்கெடுப்பு அன்று நோவா ஸ்கோஷியாவில் இல்லை. வாக்காளன் அதிகாரி முன் நின்று தான் விரும்பும் அபேட்சகரின் பெயரை வாய்விட்டுக் கூறவேண்டும். கடன் கொடுத்த வணிகனும் வேலை கொடுத்த முதலாளியும் அதனைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். 1854 இல் ஆடவருக்குப் பரவலாக வழங்கப்பட்ட வாக்குரிமை 1863 ஆம் ஆண்டுச் சட்டத்தால் மீண்டும் சொத்துத் தகைமைக்கு உட்படுத்தப்பட்டது. பெண்களுக்கு வாக்கில்லை. அம்மண்ணின் ஆதிக்குடிகளான மிக்மாக் மக்களைக் கலந்தாலோசிக்க வேண்டுமென ஒன்றியவாதிகளும் எண்ணவில்லை, மக்கள் சம்மதம் என முழங்கிய எதிர்ப்பாளரும் எண்ணவில்லை. எனவே 97 என்ற எண் சொத்துடைய ஆடவரின் பகிரங்கக் கூற்றுக்களின் வேறுபாடேயன்றி வேறன்று. இக்குறை எதிர்ப்பாளரின் 18 ஆசனங்களுக்கும் பொருந்தும். அவர்கள் பெற்ற வாக்குகள் மாகாணம் முழுவதிலும் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கே. ஆசனக் கணக்குக் காட்டும் ஏகமனம் வாக்குக் கணக்கிற் காணப்படவில்லை.

எனினும் அந்த ஓர் ஆசனத்தின் அரசியற் பயன் பெரிது. 1868 இல் ஹவ்வும், தொகுதியிற் தோற்றபோதும் மாகாண முதலமைச்சராகிவிட்ட அனண்டும், இணைப்பை நீக்கக் கோரி இலண்டன் சென்றனர். அவர்களை மறுத்துரைக்கக் கனடிய அரசு அனுப்பியவர் டப்பர். கம்பர்லாந்தும் கைவிட்டிருப்பின், மக்களால் முற்றாக நிராகரிக்கப்பட்ட ஒருவராகவே அவர் அங்கு நின்றிருப்பார். மாகாணத்தின் தெரிவான பிரதிநிதி என அவர் தம்மைக் கூறிக்கொள்ள முடிந்தது அந்த 97 வாக்குகளாலேயே. பொதுச்சபையில் ஜோன் பிரைட் விசாரணை கோரிக் கொண்டுவந்த பிரேரணை தோற்கடிக்கப்பட்டது. குடியேற்ற நாட்டமைச்சரும் கோரிக்கையை ஏற்க மறுத்தார். பிரித்தானிய அரசுக்கு ஒன்றியம் தேவையாயிருந்தமையே இதற்கு முதற்காரணம் என்பதை மறந்துவிடலாகாது. 18 ஆசனங்களும் அத்தேவையின் முன் எடைபோடப்படவில்லை.

இலண்டனில் வழியடைபட்டபின் பேரம் தொடங்கிற்று. 1869 இல் மாகாணத்தின் கடன் ஒதுக்கீடு 80 இலட்சம் டொலரிலிருந்து 9,186,756 டொலராக உயர்த்தப்பட்டது. பத்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் 82,698 டொலர் மேலதிக மானியமும் இணங்கப்பட்டது. ஹவ் ஒட்டாவா அமைச்சரவையிற் சேர்ந்து, ஹான்ற்ஸ் தொகுதி இடைத்தேர்தலில் கடும் போட்டியின்பின் வென்றார். இதனைத் துரோகமென்று அனண்ட் கூட்டத்தினர் தூற்றினர். வேறு வழி அவருக்கு இருந்ததாக எமக்குத் தோன்றவில்லை. சம்மதம் பற்றிய வினாவுக்கு டொலர்க் கணக்கில் விடை கூறப்பட்டது என்பதே உண்மை. அவ்விடை போதாதெனக் கருதியோர் 1886 இல் பீல்டிங் என்பாரின் தலைமையில் பிரிவினைக் கோரிக்கையை மீண்டும் முன்வைத்து மாகாணத் தேர்தலில் வென்றனர். மறு ஆண்டு, இலண்டனில் உயர்ஸ்தானிகராயிருந்த டப்பர் திரும்பி வந்து கம்பர்லாந்தில் மறுபடியும் போட்டியிட்டார். அப்பொழுது இரகசிய வாக்கெடுப்பு நடைமுறைக்கு வந்து பதின்மூன்று ஆண்டுகளாகியிருந்தன. புகையிரதமும் அம்ஹேர்ஸ்ட் வழியாக ஓடிக்கொண்டிருந்தது. டப்பர் வென்றார்.