உதவாத அலைகளும் ஒரு பாடசாலை மாணவனும்

வீட்டு அறையில் இருந்தபடி, கூரைக்கு மேலே கட்டிய கம்பியை வைத்து, 48 மணித்தியாலத்தில் எத்தனை நாடுகளோடு பேசலாம்? 1948 முதல் நடந்து வரும் 'சீகியூ வேர்ல்ட் வைட்' அமெச்சூர் வானொலிப் போட்டி இதைத்தான் கேட்கிறது. நம்மில் பலர் கேள்விப்படாத போட்டி. ஆனால் அதன் வரலாறு நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது.

1912 இல் அமெரிக்கச் சட்டம் அமெச்சூர்களை 200 மீற்றரும் அதற்குக் குறைந்ததுமான அலைகளுக்குள் ஒதுக்கிவிட்டது. தூரம் போக நீண்ட அலைதான் வேண்டும், சிற்றலை ஒன்றுக்கும் உதவாது என்பது அன்றைய எண்ணம்.

ஒதுக்கப்பட்டவர்கள் சும்மா இருக்கவில்லை. 1921 டிசம்பரில் போல் கோட்லி என்பவரை ஸ்கொட்லாந்துக்கு அனுப்பினார்கள். ஆட்ரோசன் கடற்கரையில் கூடாரம் அடித்து, அத்திலாந்திக்குக்கு அப்பாலிருந்து வந்த அமெச்சூர் நிலையங்களை அவர் காதால் கேட்டார். 1923 நவம்பரில் பிரான்ஸின் லியோன் டெலோயும் அமெரிக்காவின் பிரெட் ஷ்னெலும் சுமார் 100 மீற்றர் அலையில் இருவழியாகப் பேசிக்கொண்டார்கள்.

1924 ஒக்டோபர் 18 அன்று நியூசிலாந்தின் ஆட்டுப் பண்ணை ஒன்றிலிருந்து பிராங்க் பெல் அனுப்பிய மோர்ஸ் செய்திக்கு லண்டனிலிருந்து பதில் வந்தது. 18,000 கிலோமீற்றருக்கும் அதிகமான தூரம். பதில் சொன்ன செசில் கோய்டர், மில் ஹில் பாடசாலையின் 18 வயது மாணவன்!

வளிமண்டலத்தின் உயரத்தில் உள்ள அயன மண்டலம் சிற்றலையை மீண்டும் பூமிக்குத் திருப்பி விடுகிறது. உதவாது என்று கொடுத்த அலைதான் உலகைச் சுற்றியது.

இந்தப் போட்டியில் வேறு கண்டத்தோடு பேசினால் 3 புள்ளி. புதிய நாடு கிடைக்கக் கிடைக்கப் பெருக்கும் எண் கூடும். அதனால் நமது 4எஸ்7 என்ற அழைப்புக் குறியைத் தேடிப் பிடிப்பார்கள். இரைச்சலுக்குள் மெல்லிய குரலைப் பிரித்தறிவது, குறியைப் பிழையின்றி எழுதுவது, எந்த நேரத்தில் எந்த அலை திறக்கும் என்று அறிவது எல்லாம் போட்டியில் பழகும் திறமைகள்.

அந்தத் திறமை விளையாட்டோடு நிற்பதில்லை. 2004 டிசம்பர் 26 அன்று கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை என நமது கரை முழுவதும் உறவுகளின் நிலை தெரியாமல் தவித்ததை நாம் மறக்கவில்லை. தொலைபேசிகள் செயலிழந்த அந்நாட்களில் இலங்கை அமெச்சூர்கள் அம்பாந்தோட்டைக்குப் போய், சிற்றலை மூலம் கொழும்புக்குச் செய்தி அனுப்பினார்கள்.

பெற்றோரே, இதற்கான உரிமத்தைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு பரீட்சை வைத்து வழங்குகிறது. நமது ஊரில் அந்த உரிமம் எத்தனை பேரிடம் இருக்கிறது? விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளில் நாலு பேரையாவது அந்தப் பரீட்சைக்குத் தயார்படுத்துவோம். அடுத்த முறை தொலைபேசி ஊமையாகும்போது, நமது கரையிலிருந்து பேச நமது பிள்ளை ஒருவர் இருக்க வேண்டும்.