பாட்டி கியர்

கொழுக்குமலையிலிருந்து சூரியநெல்லிக்கு ஜீப்பில் இறங்கிக்கொண்டிருந்தோம். பின்சீட்டில் அம்மா கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டபடி இருந்தார். வழியெங்கும் உருளும் கற்கள், ஒரு பக்கம் பள்ளம். டிரைவர் அண்ணனின் கால் பிரேக்கில் இல்லை என்பதைக் கவனித்ததும் எனக்கு வயிறு கலங்கியது. கேட்டேவிட்டேன். "பிரேக்க அமுக்கினா சக்கரம் நின்னுரும் தம்பி, வண்டி கல்லு மேல வழுக்கிட்டுப் போயிரும். லோ-ல போட்டுட்டா எஞ்சினே புடிச்சுக்கும்" என்றார்.

பொறியியல் படிப்பில் பல்சக்கரத் தொடர் கணக்குக்கு முழு மதிப்பெண் வாங்கியவன் நான். அது எதற்கான கணக்கு என்பது புரிந்தது அந்த இறக்கத்தில்தான்.

கதை 1940-இல் தொடங்குகிறது. அமெரிக்க ராணுவம் ஒரு சிறிய நான்கு சக்கர இயக்க வண்டி கேட்டது. அது நெடுஞ்சாலையில் ஓட வேண்டும். நடந்து போகும் காலாட்படையோடு முக்காமல் முனகாமல் ஊரவும் வேண்டும். 1941-இல் வந்த வில்லிஸ் எம்பி ஜீப்பில் இதற்கான விடை, கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருந்த இன்னொரு பெட்டி: டிரான்ஸ்ஃபர் கேஸ். முதல் கியர் 2.66, டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ 1.97, ஆக்ஸிலில் கிரவுன் பினியன் 4.88. தொடரில் வரும் பல்சக்கரங்களின் விகிதங்களைக் கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும். விடை சுமார் 25.6. அதாவது எஞ்சின் இருபத்தைந்தரைச் சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்றில் ஓடினால் வண்டி மணிக்கு நான்கு கிலோமீட்டர் சொச்சம் போகும். சிப்பாயின் நடைதான்.

போர் முடிந்ததும் 1945-இல் சிஜே-2ஏ வந்தது. குறி இப்போது விவசாயிகள். ஏர் இழுக்க இன்னும் மெதுவாகப் போக வேண்டுமே! கிரவுன் பினியனை 5.38 ஆக்கினார்கள், லோவையும் 2.4 வாக்கில் கொண்டுவந்தார்கள். பெருக்குத்தொகை 36-ஐத் தாண்டியது. பாறை ஏறுபவர்களுக்குப் பிறகு கைகொடுத்த இந்த நிதானம், உழவுக்காக வந்தது.

1953-இல் கலிஃபோர்னியாவின் ரூபிகான் பாதையில் ஜீப்காரர்கள் கூட்டமாகப் பயணம் போகத் தொடங்கினார்கள். பாறை ஏற 36-உம் போதவில்லை. மெக்கானிக்குகள் குறுக்குவழி தேடினார்கள். கிரவுன் பினியனை மாற்றினால் நெடுஞ்சாலையிலும் வண்டி கத்திக்கொண்டே ஓடும். பெரிய டயர் போட்டால் கிடைத்த லாபத்தை டயரே தின்றுவிடும். சிலர் லாரி, டிரக்குகளின் நாலு கியர் பெட்டியைக் கழற்றி மாட்டினார்கள். அதன் முதல் கியர் 6-க்கும் மேல். அதற்கு அவர்கள் வைத்த செல்லப்பெயர் 'பாட்டி கியர்'.

எனக்கு மிகவும் பிடித்தது டொயோட்டா பிக்கப் காரர்கள் செய்த வேலை. அந்த டிரான்ஸ்ஃபர் கேஸில் வேகம் குறைக்கும் பகுதி தனியாகக் கழன்று வரும். உடைசல் வண்டியிலிருந்து இன்னொன்றைக் கொண்டுவந்து, நடுவில் ஒரு அடாப்டர் தகடு வைத்து இரண்டையும் வரிசையாகப் பூட்டிவிட்டார்கள். 2.28-ஐ 2.28-ஆல் பெருக்கினால் 5.2. ரோட்டில் வண்டி பழையபடியே ஓடும். ஒரே ஃபங்ஷனை இரண்டு முறை கூப்பிடுவது போல என்று என் புத்திக்குப் பட்டது.

கம்பெனிக்காரர்கள் பின்னால்தான் வந்தார்கள். 2003 ரேங்லர் ரூபிகானில் லோ 4 ஆனது. 2018 மாடலில் மொத்தப் பெருக்கல் 84. அதே 800 சுற்றில், வில்லிஸ் டயரே போட்டிருந்தால், வேகம் மணிக்கு 1.3 கிலோமீட்டர். குழந்தை தவழும் வேகம்.

சும்மா கிடைப்பதல்ல இது. வேகம் குறைந்த அளவுக்கு முறுக்குவிசை ஏறும். பாறையிடுக்கில் சக்கரம் சிக்கியிருக்கும்போது ஆக்ஸிலேட்டரை மிதித்தால் எஞ்சின் நிற்காது. ஆக்ஸில் ஷாஃப்ட்தான் முறியும். எத்தனை பல்சக்கரம் போட்டாலும் கால் பொறுமையாக இருக்க வேண்டும்.

1940-களின் இறுதியில் மகிந்திரா பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டத் தொடங்கியது. கொழுக்குமலை ஜீப்புகள் அந்த வம்சம்தான். கீழே வந்ததும் அம்மா கண்ணைத் திறந்து, "இவ்ளோ மெதுவா ஓட்டுறாரே, வண்டி பழசோ?" என்றார். அண்ணன் சிரித்துக்கொண்டே குட்டிக் கம்பியை முன்னே தள்ளினார்.