வலி சொல்லாத காயம்

2019ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலை, கங்கண சூரிய கிரகணத்தின் பாதை காரைக்குடியையும் அதனைச் சூழ்ந்த செட்டிநாட்டு ஊர்களையும் தழுவிச் சென்றது. அதனை வெறுங்கண்ணால் காணலாகாது என அறிஞர்கள் எச்சரித்தனர். அந்த எச்சரிக்கையின் பின்னே ஆயிரமாண்டு வரலாறு உண்டு. அதனை நாம் சற்றே நினைவுகூர்வோம்.

கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதாலேயே பார்வை உண்டாகிறதெனக் கிரேக்க அறிஞர் சிலர் கருதினர். பஸராவில் 965இல் பிறந்த பேரறிஞர் இப்னுல் ஹைஸம், 'கிதாபுல் மனாழிர்' என்னும் தம் நூலில் இதனை மறுத்தார். கதிரவனை உற்று நோக்கினால் கண் நோகிறது. ஆகவே ஒளிதான் கண்ணுள் வந்து பாய்கிறது என்பது அவர் காட்டிய சான்றுகளுள் ஒன்று. கிரகணத்தின் வடிவையோ, சிறு துளை வழியே விழும் பிம்பத்தைக் கொண்டே அவர் ஆராய்ந்தார்.

1945 ஜூலையில் ஐரோப்பாவில் தோன்றிய கிரகணத்தைப் பார்த்ததால் விழித்திரை வெந்து வடுப்பட்டிருந்ததை ஜெர்மானிய மருத்துவர் மேயர் ஷ்விக்கெராத் கண்டார். சுடும் இவ்வொளியே கிழிந்த விழித்திரையை ஒட்டவும் உதவாதோ என எண்ணினார். முதலில் கதிரவன் ஒளியாலும், பின்னர் ஸெனான் விளக்காலும் அதனைச் செய்து காட்டினார். 1960இல் மெய்மன் லேசரைப் படைத்தபின் அப்பணி லேசரின் கைக்கு வந்தது. சர்க்கரை நோயால் பழுதுறும் கண்ணுக்கு லேசர் வைப்பதை இன்று நம் வீட்டுப் பெரியோர் பலரும் அறிவர்.

ஆயின், 1964இல் உருவான நியோடிமியம் யாக் லேசரின் கதிர் 1064 நானோமீட்டர் அலைநீளம் கொண்டது. அகச்சிவப்பாகிய அது கண்ணுக்குப் புலப்படாது. எனவே இமையும் தானாக மூடாது. கண்ணின் வில்லை அதனை ஒரு புள்ளியில் குவிக்க, விழித்திரையின் நிறமிப் படலம் அதை ஈர்த்துச் சூடேறி வேகிறது. விழித்திரையில் வலியுணரும் நரம்புகள் இல்லை. நடுப்பார்வை மங்கிய பின்னரே இழப்புத் தெரியும். அழிந்த ஒளியுணர் அணுக்கள் மீண்டும் முளைப்பதில்லை.

இது ஆய்வுக்கூடத்தாருக்கு மட்டுமான செய்தியன்று. கடைகளில் விற்கும் பச்சை லேசர் விளக்குகள் பலவற்றில் பச்சை ஒளி பிறப்பதே இந்த அகச்சிவப்புக் கதிரிலிருந்துதான். மலிவான சிலவற்றில் அதனைத் தடுக்கும் வடிகட்டி இராது. அவை குழந்தைகளின் விளையாட்டுப் பொருளாகலாமா?

இப்னுல் ஹைஸமுக்கு வலி சான்று பகர்ந்தது. இக்கதிரோ சான்றின்றிச் சுடுகிறது. வலி சொல்லாததை அறிவுதான் நமக்குச் சொல்லவேண்டும்.