கல்லீரல் திசு சொன்னதும் சொல்லாததும்

'ஒப்பிடுக' என்று வினா வந்தால் உடனே வேறுபாடுகளைத் தேடுகிறோம், இல்லையா? ஒற்றுமையே பெரிய விடையாக அமைந்த ஒரு மருத்துவ வரலாற்றைப் பாருங்கள்.

19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய மருத்துவ அறிஞர் விர்ச்சோ, சாதாரண மஞ்சள் காமாலைக்குப் பித்தநாளத்தைச் சளி அடைப்பதே காரணம் என்றார். இந்தக் கருத்து நெடுங்காலம் நிலைத்தது. சரிபார்க்கவும் வழியில்லை. காமாலை கண்டவர்களில் பெரும்பாலோர் பிழைத்துவிடுவார்கள். உயிரோடிருப்பவரின் கல்லீரலை எப்படிப் பார்ப்பது?

1939இல் கோபன்ஹேகனில் இவர்சனும் ரோஹோமும் ஊசி மூலம் கல்லீரலிலிருந்து சிறிது திசுவை எடுத்து ஆராய்ந்தார்கள். பாதிப்பு கல்லீரல் செல்களிலேயே இருந்தது. சளி அடைப்புக் கொள்கை ஆட்டம் கண்டது.

1943இல் பிரிட்டனில் டிபிள், மெக்மைக்கேல், ஷெர்லாக் மூவரும் மூன்று வகைக் காமாலைகளை ஒப்பிட்டார்கள். ஒன்று, கொள்ளைநோயாகப் பரவியது. அடுத்தது, ஆர்செனிக் ஊசிச் சிகிச்சை பெற்றவர்களுக்கு வந்தது. மூன்றாவது, மனித சீரம் உடலில் செலுத்தப்பட்டதால் வந்தது. மூன்றிலும் திசு மாற்றம் அடிப்படையில் ஒன்றுதான்: செல்கள் சிதைந்து மடிந்திருந்தன, அழற்சி செல்கள் குவிந்திருந்தன.

அப்படியென்றால் நோய் ஒன்றா, பலவா? திசு மட்டும் அதைச் சொல்லவில்லை. நோய் பரவும் விதத்தைக் கவனித்துத்தான் 1947இல் மெக்கல்லம் 'ஏ', 'பி' என்று பிரித்துப் பெயரிட்டார். 1960களில் புளூம்பெர்க் ரத்தத்தில் கண்ட ஒரு புரதம், பி வைரஸின் அடையாளம் என்று பிறகு தெரிந்தது. 1973இல் ஏ வைரஸ் நோயாளிகளின் மலத்தில் காணப்பட்டது. சி வைரஸ் 1989இல் மரபணு ஆய்வில் அகப்பட்டது.

இன்று சில வேறுபாடுகளும் தெரியும். ஏ வகையில் போர்ட்டல் பகுதியைச் சுற்றிய அழற்சியும் பிளாஸ்மா செல்களும் கூடுதலாகத் தெரியலாம். சி வகையில் கொழுப்புத் துளிகளும் லிம்போசைட் திரள்களும் காணப்படலாம். ஈ வகையில் சிலருக்குப் பித்தநீர்த் தேக்கம் மிகுந்திருக்கும். ஒன்றைக் கவனிக்கணும்: பனிக்கண்ணாடி போல மங்கலான செல்கள் நாட்பட்ட பி வகைக்கு உரியவை. கடுமையான பி வகைக்கு அதை எழுதிவிடாதீர்கள்.

மாணவர்களே, விடையில் ஒற்றுமையை முதலில் எழுதுங்கள். வேறுபாடுகளோடு 'பெரும்பாலும்' என்ற சொல்லைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்த வைரஸ் என்று உறுதிசெய்வது ரத்தப் பரிசோதனையே என்று முடியுங்கள்.

ஆசிரியர்களே, வரலாற்றுப் பாடத்திலும் இது உதவும். ஒரு சான்று எந்தக் கேள்விக்குப் பதில் தரும், எதற்குத் தராது என்று கேட்க மாணவர்களைப் பழக்கலாம். கல்லீரல் திசு பழைய கொள்கையைச் சாய்த்தது. ஆனால் வைரஸின் பெயரை அது சொல்லவில்லை.